வெள்ளி மணிகளும் வேடப் பழமையும்

பழம்பொருள்களின் மீது மனிதனுக்குள்ள மோகம் விந்தையானது. புத்தம் புதிய மரப்பெட்டிக்குப் புகையேற்றி, உளியால் நாலு வடுக்கள் இட்டு, "இது பாட்டன் காலத்துப் பெட்டி" என்று கூறி விற்பவர்களும் உளர். பொய்யென்று அறிந்தும் மகிழ்ந்து வாங்குபவர்களும் உளர். மரப்பெட்டியோடு இது நின்றுவிட்டால், வேடிக்கை என்று கருதி நாமும் அப்பாற் சென்றுவிடலாம். ஆனால் இன்று அதே புகையேற்றும் வித்தை அசையும் படங்களுக்கும் வந்துவிட்டது. காலையிற் கையடக்கத் தொலைபேசியிற் பிடித்த படத்தை, மாலைக்குள் அறுபது ஆண்டுப் பழைய பிலிம் படம் போலாக்கிவிட ஒரு பள்ளி மாணவனால் இயலும். அவ்வித்தையில் ஒருமுறை நாமும் கை வைத்தோம். வைத்த கை சுட்டது. அந்த வரலாற்றையும், அதன் வாயிலாக நாம் கற்ற சில செய்திகளையும் வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மாத்தளை வாசிகளுக்கு 2023ஆம் ஆண்டு எளிதில் மறக்கவொண்ணாத ஆண்டாகும். மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வரத் தொடங்கி 200 ஆண்டுகள் நிறைவெய்தியதை முன்னிட்டு, 'மாண்புமிகு மலையக மக்கள்' என்னும் பெயரில் ஒரு நடைபயணம் ஜூலை 28ஆந் திகதி தலைமன்னாரிலிருந்து புறப்பட்டு, ஆகஸ்ட் 12ஆந் திகதி மாத்தளையை வந்தடைந்தது. ஏறத்தாழ 250 கிலோமீற்றர் தூரம். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கிய முன்னோர்கள், கோப்பித் தோட்டங்களை நாடிக் காடுகளினூடே கால்நடையாக வந்த வழியும் இதுவே. வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் பசியாலும் அவ்வழியில் மடிந்தோர் எண்ணிலடங்கார். எஞ்சியோர் இளைப்பாறிய முதல் மலைநாட்டு ஊர் எமது மாத்தளை.

அந்நாட்களில் எமது மாணவன் ஒருவன் எம்மிடம் வந்தான். தோட்டத்து லயத்திற் பிறந்து வளர்ந்த பிள்ளை, கணினியிற் கெட்டிக்காரன். முன்னோர் நடந்து வந்த கதையைப் பன்னிரண்டு நிமிடப் படமாக எடுக்கப் போவதாகவும், அதற்கு நாம் ஆலோசகராக இருக்க வேண்டுமென்றும் கேட்டான். நாமும் பெருமகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டோம்.

படத்தில் மூன்று வகைக் காட்சிகள் இருந்தன. நடைபயணத்தினர் மாத்தளைக்குள் நுழைந்த நாளில் எடுத்தவை ஒரு வகை. நாலந்தைக்கு அண்மையில் ஒரு மண்பாதையில் மாணவர்களுக்கு வேட்டியும் கண்டாங்கியும் உடுத்தி, தலையில் மூட்டை வைத்து நடக்கவிட்டு எடுத்தவை இரண்டாவது வகை. மூன்றாவது, நகரத்து வியாபாரி ஒருவரின் குடும்பத்தினர் அன்புடன் தந்துதவிய பழைய சூப்பர் 8 பிலிம் சுருள். மாத்தளை ஸ்ரீ முத்துமாரியம்மன் ஆலயத்து மாசிமகப் பஞ்சரத பவனியை அவர்களுடைய தந்தையார் பல ஆண்டுகளுக்கு முன் எடுத்தது. அதனைக் கொழும்பிற் கொடுத்து டிஜிட்டல் வடிவத்துக்கு மாற்றியிருந்தார்கள்.

இம்மூன்றையும் ஒட்டிப் பார்த்தபோதுதான் சங்கடம் தோன்றியது. பழைய தேர்க்காட்சி ரவையைத் தூவியது போல் உயிரோடு துடித்துக்கொண்டிருந்தது. அடுத்து வரும் புதிய காட்சியோ கண்ணாடித் தட்டைத் துடைத்து வைத்தாற்போல் இருந்தது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகும்போது பார்ப்பவர் கண் இடறியது. "இதற்கும் கொஞ்சம் கிரெயின் போடு, இரண்டும் ஒட்டிவிடும்" என்றோம் நாம். அவனும் போட்டான்; ஒட்டிவிட்டது. எமக்கோ தலைகால் புரியாத மகிழ்ச்சி. "நடந்து வரும் காட்சிக்கும் போட்டுப் பார், கறுப்பு வெள்ளையாக்கு, இரண்டொரு கீறலும் விழட்டும்" என்றோம்.

"சேர், அப்படியே அந்தக் காலத்துப் படம் மாதிரியே இருக்கு!" என்றான் மாணவன்.

இருந்தது. அங்கேதான் வினை தொடங்கியது. அதனைக் கூறுமுன், இந்தக் 'கிரெயின்' என்பது யாது என்பதனை விளக்கிவிடுதல் நலம்.

வெள்ளியின் விளையாட்டு

நெல்மணி, மணல்மணி என்பனபோல், பிலிமிலும் மணி உண்டு. பிலிம் என்பது ஒளி ஊடுருவும் ஒரு நாடாவின் மேல் ஜெலற்றின் என்னும் பசை பூசப்பட்ட பொருள். அப்பசைக்குள் வெள்ளி ஹேலைட்டு என்னும் உப்பின் நுண்ணிய படிகங்கள் கோடிக்கணக்கிற் புதைந்து கிடக்கின்றன. கமராவின் வில்லை வழியே ஒளி வந்து விழும்போது, ஒளி பட்ட படிகங்களில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மாற்றம் நிகழ்கிறது. இரசாயனக் கரைசலிற் கழுவும்போது, அவ்வாறு மாறிய படிகங்கள் மாத்திரம் கரிய உலோக வெள்ளியாகின்றன. ஏனையவை கரைந்து போகின்றன. ஆகவே பழைய கறுப்பு வெள்ளைப் படத்திலே நாம் காணும் முகங்களும் மலைகளும் வெள்ளித் துகள்களாலாகிய கோலங்களே. வண்ணப் பிலிமிலோ, அவ்வெள்ளியைச் சுற்றிச் சாயம் உருவாகி, பின்னர் வெள்ளி நீக்கப்படுகிறது. எஞ்சுவது சிறு சாய மேகங்கள்.

அத்துகள்கள் வரிசையாக அடுக்கப்பட்டவையல்ல. வயலில் விதைத்த நெல்லைப் போல் தாறுமாறாய்க் கிடப்பவை. தனித்தனித் துகளை எம் கண் காண்பதில்லை. அவை ஒன்றன்மேலொன்று விழுந்து திரண்டு நிற்கும் திரள்களையே கண் காண்கிறது. அதுவே கிரெயின். சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒவ்வொரு படத்திலும் துகள்களின் கிடக்கை வேறு. ஆதலால் திரையில் எதுவும் அசையாத வேளையிலும், வெறுஞ்சுவரைக் காட்டும் வேளையிலும், அச்சுவர் மெல்ல மூச்சு விடுவது போல் தோன்றுகிறது.

குறைந்த ஒளியிற் படம் பிடிக்க வேண்டுமாயின், பெரிய படிகங்களையுடைய விரைவுப் பிலிம் வேண்டும். படிகம் பெரிதாயின் மணியும் பருமனாகும். பிலிமின் அகலமும் இதில் ஒரு காரணம். 35 மில்லிமீற்றர்ப் பிலிமின் ஒரு படச்சட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீற்றர் அகலமும் 16 மில்லிமீற்றர் உயரமும் உடையது. 16 மில்லிமீற்றர்ப் பிலிமில் அது ஏறத்தாழ 10க்கு 7½ ஆகச் சுருங்குகிறது. 1965இல் கொடக் நிறுவனம் வெளியிட்ட சூப்பர் 8 பிலிமிலோ 6க்கு 4 மில்லிமீற்றர்கூட இல்லை. ஒரு பருப்பின் அளவுதான். அந்தப் பருப்பளவுப் படத்தைச் சுவரளவு பெருக்கினால், அதிலுள்ள மணிகளும் பெருகத்தானே செய்யும்? எமது வியாபாரி குடும்பத்துத் தேர்த்திருவிழா ரவைபோல் துடித்ததன் இரகசியம் இதுதான்.

இலங்கையில் உருவான முதலாவது தமிழ்த் திரைப்படமாகிய 'சமுதாயம்' 1962இல் 16 மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே மலையகத் தோட்ட வாழ்வைப் பொருளாகக் கொண்ட 'தோட்டக்காரி' 35 மில்லிமீற்றரில் வந்தது. அகலப் பிலிமுக்குச் செலவு மிகுதி. சிறு பிலிமுக்கு மணி மிகுதி. அக்காலத்துத் தயாரிப்பாளர்களுக்கு மணியென்பது அழகன்று. அகற்ற முடியாத ஒரு குறையாகும். பிலிம் செய்வோரும் பல தசாப்தங்களாக அதனைக் குறைக்கவே பாடுபட்டனர்.

குறை அழகான கதை

இன்று காலம் தலைகீழாகிவிட்டது. டிஜிட்டல் கமராவில் வெள்ளியும் இல்லை, பசையும் இல்லை. சதுரங்கப் பலகையின் கட்டங்களைப் போல் வரிசையாக அமைந்த நுண்ணிய உணரிகள் ஒளியை அளந்து எண்களாக்குகின்றன. தமிழ்த் திரையுலகில் 2004இல் வெளியான 'வானம் வசப்படும்', 2005இல் வெளியான 'மும்பை எக்ஸ்பிரஸ்' ஆகியவை டிஜிட்டல் கமராவினால் எடுக்கப்பட்ட முன்னோடிப் படங்கள். அதன்பின் மாற்றம் வெள்ளமாகப் பாய்ந்தது. 2012 ஜனவரியில் கொடக் நிறுவனமே கடன்காரரிடமிருந்து காப்புக் கோரி நீதிமன்றம் சென்றது. 2013இல் பியூஜி நிறுவனம் சினிமாப் பிலிம் தயாரிப்பதை நிறுத்திக்கொண்டது. கொடக் மாத்திரம் மீண்டெழுந்து இன்றும் பிலிம் செய்கிறது. 2023இல் வெளியான 'ஒப்பன்ஹைமர்' அதிலேயே எடுக்கப்பட்டது.

மணி மறைந்ததும்தான் மக்களுக்கு அதன் மீது ஏக்கம் பிறந்தது. ஹொலிவூட்டின் 'மாங்க்' என்னும் 2020ஆம் ஆண்டுப் படம் முழுவதும் டிஜிட்டலில் எடுக்கப்பட்டது. ஆயினும் 1930களின் படம் போல் தோன்றும்பொருட்டு, ரீல் மாற்றும் இடத்தைக் காட்டும் கரும்புள்ளிகள் கூட அதிற் செயற்கையாகச் சேர்க்கப்பட்டன. 2023இல் வந்த 'தி ஹோல்டோவர்ஸ்', 1970ஆம் ஆண்டுக் கதையை அவ்வாண்டுப் பிலிமிற் கண்டாற்போல் காட்டிற்று, அதுவும் டிஜிட்டலே. 2021இல் வந்த 'டியூன்' படத்தாரோ இன்னும் ஒரு படி மேலே சென்றனர். டிஜிட்டலில் எடுத்த படத்தை உண்மையான 35 மில்லிமீற்றர்ப் பிலிமிற் பதித்து, அப்பிலிமை மீண்டும் டிஜிட்டலாக்கினர். நெல்லைக் குத்தி அரிசியாக்கி, அரிசிக்கு மீண்டும் உமி போர்த்தியதை ஒக்கும் இது!

மோகம் ஒன்றுதான் காரணமென்று கூறிவிட முடியாது, பயனும் உண்டு. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேல் அந்தி வானத்தைச் சாதாரண டிஜிட்டல் வீடியோவிற் பிடித்துப் பாருங்கள். நீலம் மெல்ல மெல்லச் செம்மையாக மாறவேண்டிய இடத்தில், படிக்கட்டுப் போல் பட்டை பட்டையாகத் தெரியும். 8 பிட் வீடியோவில் ஒவ்வொரு அடிப்படை வண்ணத்துக்கும் 256 படிகளே உள்ளமையால் நேர்வது இது. சிறிதளவு கிரெயின் தூவினால் அப்பட்டைகளின் ஓரம் கலைந்து, வானம் மீண்டும் வானமாகிவிடும். கணினியில் வரைந்த உருவத்தை உயிர்ப்படத்தோடு ஒட்டும்போதும், பழைய பிலிமோடு புதிய வீடியோவை இணைக்கும்போதும் அது மெழுகு போல் உதவுகிறது.

செய்ய விரும்புவோருக்குச் சில சொற்கள்

எமது வாசகர்களின் பிள்ளைகளில் இதிற் கைவைப்போர் பலர் இருப்பர். அவர்களுக்கு நாம் கண்டறிந்தவற்றைச் சுருக்கமாகக் கூறுவாம்.

அடோபி ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் என்னும் மென்பொருளில் மணி சேர்க்கவும், நீக்கவும், இன்னொரு காட்சியின் மணியோடு பொருத்தவும் தனித்தனிக் கருவிகள் உள. டாவின்சி ரிசோல்வின் கட்டணப் பதிப்பிலும் இதற்கெனக் கருவி உண்டு. பணம் இல்லாதவருக்கும் வழி உண்டு. வெறும் சாம்பல் நிற அட்டையை உண்மைப் பிலிமிற் பிடித்த காட்சியை எமது வீடியோவின் மேல் அடுக்கி, 'ஓவர்லே' என்னும் கலப்பு முறையைத் தெரிவு செய்தல் வேண்டும். அம்முறையில் நடுச்சாம்பல் நிறம் கீழேயுள்ள படத்தை மாற்றுவதில்லை. அதனிலும் வெளிறிய புள்ளி வெளிறச் செய்யும், கரிய புள்ளி கருக்கச் செய்யும். ஆகவே சாம்பல் மறைந்து மணி மாத்திரம் எஞ்சும்.

முதலாவது விதி: வண்ணத் திருத்தம் யாவும் முடிந்தபின், படத்தின் இறுதி அளவிலேயே மணியைச் சேர்க்க வேண்டும். முன்னரே சேர்த்துவிட்டுப் பின்னர் படத்தைப் பெருக்கினால் மணியும் பருத்துவிடும், சுருக்கினால் மங்கிவிடும்.

இரண்டாவது: கமராவின் இரைச்சலையும் பிலிமின் மணியையும் ஒன்றென எண்ணலாகாது. டிஜிட்டல் இரைச்சல் இருளிலேயே கூடுதலாகத் தெரியும். பிலிமின் மணியோ நடுத்தர ஒளியுள்ள இடங்களில், மனிதரின் கன்னத்திலும் சுவரிலும் வானத்திலும் அதிகமாகத் தெரியும். கருமையிலும் வெண்மையிலும் அடங்கும். எனவே இரைச்சலை முதலிற் குறைத்துவிட்டே மணியைச் சேர்த்தல் வேண்டும்.

மூன்றாவது: ஒவ்வொரு படச்சட்டத்திலும் மணியின் கிடக்கை மாறவேண்டும். ஒரே கிடக்கையை நிலையாக வைத்தால், அழுக்குப் படிந்த கண்ணாடிச் சன்னலூடே பார்ப்பது போலாகும்.

நான்காவது: கீறல், தூசி, ஆட்டம் என்பவை வேறு, மணி வேறு. மணி பிலிமின் பிறவிக் குணம். ஏனையவை அதனைக் கையாண்டவர்களின் கவனக்குறைவு. நன்கு பேணப்பட்ட பழைய படத்திற் கீறல் இராது. மணி இருந்தே தீரும்.

ஐந்தாவது: தாறுமாறான புள்ளிகளைச் சுருக்கிக் கட்டுதல் கணினிக்கு மிகக் கடினமான வேலை. ஆகையால் கோப்பின் அளவைக் கஞ்சத்தனமாகக் குறைத்தால் மணிகள் கரைந்து களியாகிவிடும். இதற்கும் ஒரு வழி கண்டுள்ளனர். 2018இல் வெளிவந்த ஏவி1 என்னும் முறையில், அனுப்புமிடத்தில் மணியை நீக்கிவிட்டு, அதன் குணத்தைக் குறிக்கும் சில எண்களை மாத்திரம் அனுப்பலாம். பார்ப்பவரின் கருவி அதே சாயலில் புதிய மணியைத் தானே செய்து தூவிக்கொள்ளும். நெற்பிளிக்ஸ் நிறுவனம் 2025இல் இதனைப் பரவலாகக் கையாளத் தொடங்கியது. நாம் திரையிற் காணும் மணி, எடுத்தவர் கண்ட மணியன்று, அதன் நிழல் என்பதனை எத்தனை பேர் அறிவர்?

"எங்க பூட்டனாரு யாருங்க?"

இனி எமது கதைக்கு வருவோம். படம் முடிந்தது. அவ்வாண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு மாலை, அம்மாணவனின் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் வெள்ளைச் சேலை கட்டித் திரையிட்டோம். லயங்களிலிருந்து வந்தவர்களால் மண்டபம் நிறைந்தது. மூட்டை சுமந்து நடக்கும் மனிதர்கள் மணியும் கீறலும் நிறைந்த கறுப்பு வெள்ளையில் திரையில் அசைந்தபோது, ஒருவர்கூட இருமவில்லை. எமக்கும் நெஞ்சு நிறைந்தது.

விளக்கு ஏற்றியபின் முன்வரிசையில் இருந்த ஒரு மூதாட்டி எழுந்து எம்மிடம் வந்தார். எண்பத்தைந்துக்கு மேற்பட்ட வயது. கொழுந்து பறித்துக் காய்த்த விரல்கள். எமது கையைப் பற்றிக்கொண்டு அவர் கேட்டார்: "வாத்தியாரையா, எங்க பூட்டனாரு மன்னாருல எறங்கி நடந்து வந்தவருங்க. அவரு மொகத்த எங்கப்பாருகூடப் பார்த்ததில்லங்க. இதுல நடக்கறவுகள்ல எங்க பூட்டனாரு யாருங்க?"

நாம் வாயடைத்து நின்றோம். அருகில் நின்ற மாணவன் தலைகுனிந்தான். அவர் தேடிய முகம், எமது கல்லூரியில் பத்தாம் வகுப்பிற் படிக்கும் பையன் ஒருவனின் முகமாக இருந்திருக்கும். "இல்லை அம்மா, இது நடிப்பு" என்று தட்டுத்தடுமாறிக் கூறினோம். அவர் கோபிக்கவில்லை. "அப்படிங்களா" என்று மாத்திரம் கூறிக் கையை விட்டார். அந்தச் சொல் எம்மை அன்றிரவு உறங்கவிடவில்லை.

வரலாற்று ஆசிரியர்கள் எழுதிய நூல்களையெல்லாம் புரட்டுபவராகிய நாம், ஓர் எளிய கணக்கை மறந்துவிட்டிருந்தோம். லூமியேர் சகோதரர்கள் பாரிஸ் நகரில் கட்டணம் பெற்றுப் பொதுமக்களுக்குச் சினிமாவைக் காட்டியது 1895 டிசம்பர் 28ஆந் திகதி. மூதாட்டியின் பூட்டனார் நடந்ததோ அதற்குப் பல ஆண்டுகள் முந்திய கோப்பிக் காலத்தில். கண்டியிலிருந்து மாத்தளைக்குப் புகையிரதம் வந்ததே 1880இல்தான். அந்நடையை எந்தச் சினிமாக் கமராவும் கண்டிருக்க முடியாது.

இன்னுமொன்று. அக்காலத்துத் தொழிலாளரின் நிழற்படங்கள் சில உண்மையாகவே உள. புகழ்பெற்ற ஆங்கிலப் படப்பிடிப்பாளராகிய ஜூலியா மார்கரெற் கமரன் அம்மையார் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாவில் காலமானார். அவ்விடைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர்களையும் அவர் படம் பிடித்தார். ஆனால் அவை ஈரக் கொலோடியன் பூசிய கண்ணாடித் தட்டுகளில் எடுக்கப்பட்டவை. அத்தட்டுகளில் மணியென்பது கண்ணுக்குப் புலப்படாத அளவு நுண்ணியது. அதாவது, கோப்பிக் காலத்தின் உண்மையான படத்தில் நாம் தூவிய மணி இல்லவே இல்லை! 'பழமை' என்று நாம் பூசியது 1950களின் சினிமாப் பழமை. எமது இளமைக் காலத்தில் படமாளிகைகளிற் கண்ட நினைவு. முன்னோர்களின் காலத்தை அல்ல, எமது ஏக்கத்தையே நாம் அப்படத்தில் ஏற்றியிருந்தோம்.

இதைச் சிறு பிழையென்று தள்ளிவிடலாம். வேறொரு சமூகத்தில் அப்படித் தள்ளிவிடலாம்தான். ஆனால் மலையக மக்களிடம் முன்னோரின் முகங்கள் இல்லை; பெயர்கூடப் பலருக்கு இல்லை. எழுத்திற் பதியாத வாழ்வு அது. அத்தகையோர் முன் ஒரு பொய்ப் படத்தை மெய்ப் படத்தின் உடையில் நிறுத்துதல், பசித்தவன் முன் மெழுகுப் பழத்தை வைப்பதற்கு நிகராகும். அதுமட்டுமன்று. நாளை அப்படத்தை யாரேனும் அறுத்தெடுத்து, "1870இல் எடுத்த அரிய காட்சி" என்று தலைப்பிட்டுப் பரப்பினால் தடுப்பவர் யார்? பின்னர் அது பொய்யென்று தெரியவரும்போது, அம்மக்களின் மெய்யான துன்ப வரலாறும் பொய்யோவென்று ஐயுறுவோர் தோன்றமாட்டார்களா?

மெய்யான மணியின் மதிப்பு

மெய்யான மணியோ அழிந்தால் மீளாது. 1983 ஜூலைக் கலவரத்தில் ஹெந்தளையிலிருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையாயிற்று. அங்கிருந்த படச்சுருள்களும் அழிந்தன. எந்த மென்பொருளாலும் அவற்றின் ஒரு மணியையேனும் திருப்பித் தர இயலாது.

எஞ்சியவற்றைக் காப்போர் மணிக்குத் தரும் மரியாதையைக் கவனியுங்கள். லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் அவர்களின் 'நிதானய' சர்வதேச முயற்சியாற் புதுப்பிக்கப்பட்டு 2013இல் வெனிஸ் திரைப்பட விழாவில் திரையிடப்பட்டது. சுமித்திரா பீரிஸ் அம்மையார் 1978இல் தந்த 'கெஹெனு லமயி' 2025இல் கான் விழாவில் புதுப்பொலிவோடு காட்டப்பட்டது. இத்தகைய புதுப்பித்தலிலே தூசியையும் கீறலையும் நீக்குவர், மணியைத் தொடமாட்டார். மணியைத் துடைத்தால் அதனோடு கன்னத்தின் மெல்லிய சுருக்கமும் சேலையின் இழையும் போய், நடிகர்கள் மெழுகுப் பொம்மைகளாகிவிடுவர். ஏனெனில் அங்கே மணியே படம். மணிக்கு அப்பால் வேறு படம் இல்லை.

இவ்வளவும் சிந்தித்தபின், நாமும் மாணவனும் மீண்டும் கணினியின் முன் அமர்ந்தோம். "பிழை உன்னுடையதன்று, எம்முடையது" என்று அவனிடம் முதலிற் கூறினோம். முத்துமாரியம்மன் தேர்க்காட்சியில் பழைய சுருளை அப்படியே விட்டோம். அதை அடுத்து வரும் புதிய தேர்க்காட்சியில் மாத்திரம், கண் இடறாதபடி மிகச் சிறிதளவு மணியை விட்டு, இரண்டின் மீதும் ஆண்டை எழுதினோம். நடைபயணக் காட்சியிலிருந்து மணியையும் கீறலையும் முற்றாக நீக்கினோம். முன்னோரின் நடையைக் காட்டும் பகுதியை வண்ணத்திலேயே விட்டு, "இக்காலத்து மாணவர் தம் முன்னோரை நினைந்து நடக்கும் காட்சி" என்று அடியில் எழுதினோம்.

தை பிறந்ததும் மறுபடியும் அதே மண்டபத்தில் திரையிட்டோம். அம்மூதாட்டியை நாமே சென்று அழைத்து வந்தோம். படம் முடிந்ததும் அவரருகே அமர்ந்து, "இப்போது எப்படி அம்மா?" என்று கேட்டோம்.

"இது நம்ம புள்ளைங்கன்னு இப்ப நல்லாத் தெரியுதுங்க. நல்லாத்தான் நடக்குதுங்க. ஆனா ஐயா, அந்த ரெண்டாவது பையன் காலுல சிலிப்பர் கெடக்கு. செருப்பில்லாம நடக்கச் சொல்லுங்க. எங்க பூட்டனாரு வெறுங்காலோடதான் வந்தாராம். கால்ல முள்ளுக் குத்திச் சீப்பிடிச்சு, தம்புள்ளயில மூணு நாளு படுத்துக் கெடந்தாருன்னு எங்கப்பாயி சொல்லும்."

நாம் திடுக்கிட்டு மாணவனைப் பார்த்தோம். அவன் எம்மைப் பார்த்தான். முதற்படத்திலும் அந்தச் சிலிப்பர் இருந்தே இருக்கிறது. நாம் தூவிய மணியும் கீறலும் அதனை எல்லார் கண்ணிலிருந்தும், எமது கண்ணிலிருந்தும் மறைத்திருந்தன.

மாணவன் அப்போதே தொலைபேசியை எடுத்து, "அப்பாயி சொன்னதை இன்னொருக்காச் சொல்லுங்க பாட்டி" என்று அவர் முன் அமர்ந்தான். தம்புள்ளையில் மூன்று நாள் படுத்திருந்த கதையை மூதாட்டி முதலிலிருந்து தொடங்கினார். மண்டபத்து விளக்கு மங்கலாகையால், அவர் முகத்தைச் சுற்றிய இருளில் கமராவின் இரைச்சல் சற்றுத் தெரிகிறது. அதனை நாம் நீக்கவுமில்லை. அதன்மேல் எதையும் தூவவுமில்லை. படத்தின் இறுதியில் அது அப்படியே இருக்கிறது.

வாசகர்களே, மணியைத் தூவ வேண்டாமென்று நாம் கூறவில்லை. கதைப்படத்துக்கு அது அணிகலன். பட்டை விழுந்த வானத்துக்கு மருந்து. பழையதும் புதியதும் சேருமிடத்தில் பசை. ஆனால் எம்மவரின் கடந்தகாலத்தைக் காட்டும்போது, தூவுமுன் ஒருகணம் நின்று, இதனை நம்பி முகம் தேடுபவர் யாரேனும் முன்வரிசையில் இருப்பாரோ என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் பழைய சுருள் ஏதேனும் இருப்பின், அதனை வெயிலும் ஈரமும் படாது பேணி, தக்கவரிடம் கொடுத்துப் பிரதி எடுத்துவிடுங்கள். வீட்டில் முதியோர் இருப்பின், அவர் கதையை இன்றே பதிவு செய்துவிடுங்கள். அவர்களின் கதைக்கு எந்த மணியும் வேண்டியதில்லை.